கோடு எந்த அடுக்கில் இருக்கிறது?

ஒரு சின்னச் சோதனையிலிருந்து தொடங்கலாம். 30 செ.மீ. அகலமுள்ள பலகை ஒன்றில் வெள்ளை ஜெஸ்ஸோ (ஓவியத்துக்கு அடியில் பூசும் தளப் பூச்சு) பூசிக் காயவைத்து, மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பட்டையில் 4பி பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் மஞ்சளை மூன்று முறை மெல்லியதாகப் பூசுங்கள். இரண்டாவதில் ஒரு பூச்சு, பிறகு கோடு, பிறகு இரண்டு பூச்சு. மூன்றாவதில் மூன்று பூச்சும் காய்ந்த பிறகு கோடு. பென்சில், மஞ்சள், கை எல்லாம் ஒன்றுதான். ஆனால் நான்கடி தள்ளி நின்று பார்த்தால் மூன்றும் வேறு வேறு ஓவியங்கள். முதல் கோடு மஞ்சளுக்குப் பின்னால், சுவரில் பழைய விரிசல் போலக் கிடக்கும். இரண்டாவது எங்கே இருக்கிறது என்று கண்ணால் முடிவுகட்ட முடியாது, நடுவில் மிதக்கும். மூன்றாவது, கிராஃபைட்டின் மினுமினுப்போடு மேலே வந்து உட்கார்ந்துகொண்டு மொத்த மஞ்சளையும் பின்னுக்குத் தள்ளிவிடும்.

அரூப ஓவியத்தில் ஆழம் என்பது பெரும்பாலும் இந்த வரிசையிலிருந்து பிறக்கிறது. மரம், மேசை, முகம் எதுவும் இல்லாத இடத்தில் எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல வேறு சாட்சி இல்லை. எது எதன்மேல் கிடக்கிறது, எது எதைப் பாதி மறைத்திருக்கிறது, எது சுரண்டப்பட்டு மீண்டும் வெளியே வந்திருக்கிறது என்பவைதான் சாட்சி. அதனால் கோட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதே. அதன் வடிவமும் தடிமனும் அதற்குப் பிறகு.

எல்லாவற்றுக்கும் அடியில் தளம். இதில் அவசரப்படுகிறவர்கள் பிறகு பத்து அடுக்கு போட்டும் சரிசெய்ய முடியாமல் தவிப்பார்கள். ஜெஸ்ஸோ வெறும் வெள்ளைப் பெயின்ட் இல்லை. அக்ரிலிக் பிசினில் சுண்ணாம்புத் தூளும் டைட்டானியம் வெள்ளையும் கலந்தது. அந்தச் சுண்ணாம்புதான் சொரசொரப்பையும் உறிஞ்சும் தன்மையையும் கொடுக்கிறது. கேன்வாஸுக்கு மூன்று பூச்சு, ஒன்று கிடைவாட்டில் என்றால் அடுத்தது நெடுக்குவாட்டில், இடையில் குறைந்தது ஒரு மணி நேரம். துணியின் நெசவு தெரிய வேண்டும் என்றால் இரண்டோடு நிறுத்தலாம். மெல்லிய பென்சில் கோடு உடையாமல் ஓட வேண்டும் என்றால் நான்கு பூச்சு போட்டு, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட வேண்டும். அதற்குமேல் வழவழப்பாக்கினால் கரி பிடிக்காது. கரித்துண்டு துகளை விட்டுச்செல்லக் கொஞ்சம் பல், அதாவது சொரசொரப்பு, வேண்டும்.

பலகையிலும் பருத்தித் துணியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தொல்லை உண்டு. அவற்றில் நீரில் கரையும் கசடு இருக்கிறது. ஈரமான அக்ரிலிக் மேலே விழுந்ததும் அந்தக் கசடு கரைந்து மேலேறிப் பூச்சில் தங்கிவிடும். அடர்ந்த நிறத்தில் தெரியாது. நிறமில்லாத ஜெல்லைத் தடிமனாகப் போட்டால் தேநீர்க் கறை போன்ற பழுப்பு தெரியும். ஜெஸ்ஸோ மட்டும் இதைத் தடுக்காது. அதற்கு முன்பே இழைகளை அடைக்கும் நீர்த்த அக்ரிலிக் மீடியத்தை (நிறமி கலக்காத பிசின்) இரண்டு முறை பூசிக் காயவிட வேண்டும். ஒளி ஊடுருவும் அடுக்குகளை நம்பி வேலை செய்கிறவர்கள் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

தளமே பூசாமல் வேலை செய்வதும் ஒரு வழி. ஹெலன் ஃப்ராங்கன்தாலர் 1952இல் வரைந்த ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தில், பூச்சில்லாத கேன்வாஸைத் தரையில் விரித்து, கரியால் சில கோடுகள் போட்டு, டர்பன்டைனில் நீர்க்கவைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். கிட்டத்தட்ட 220 செ.மீ. உயரம், 298 செ.மீ. அகலம். வண்ணம் துணிக்குள் இறங்கியதால் கோடும் நிறமும் துணியும் ஒரே தளத்தில் இருக்கின்றன. கோடு எதையும் அடைத்துப் பிடிக்கவில்லை, நிறம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. இதை இன்று செய்ய விரும்பினால் எண்ணெயில் செய்யாதீர்கள். பூச்சில்லாத துணியில் எண்ணெய் இறங்கினால் நிறத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் விடும், நாளடைவில் இழைகள் நொறுங்கும். நீர்த்த அக்ரிலிக் அந்தக் கெடுதலைச் செய்யாது. துணியை முதலில் ஈரப்படுத்தினால் விளிம்பு கரைந்து போகும், உலர்ந்த துணியானால் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

சரி, அடியில் போடும் கோடு. எதை வைத்துப் போடுகிறோம் என்பதுதான் மேலே வரப்போகும் நிறத்தின் தலையெழுத்து. கரியை அப்படியே விட்டு அதன்மேல் மஞ்சள் பூசினால் மஞ்சள் அழுக்குப் பச்சையாகத் திரும்பும். கறுப்பும் மஞ்சளும் கலந்தால் அதுதான் வரும். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, தட்டி, தளர்ந்த துகளை உதிர்த்துவிட்டு, 30 செ.மீ. தள்ளி நின்று ஃபிக்ஸேடிவ் (துகளை ஒட்டவைக்கும் தெளிப்பு) இரண்டு முறை லேசாகத் தெளியுங்கள். தூரிகையால் மீடியம் பூசி நிலைநிறுத்த முயன்றால் கோடு இழுபட்டுப் புகையாகிவிடும். (அந்தப் புகையே வேண்டும் என்றால் அதைவிட நல்ல வழி இல்லை. ஒரே ஒரு முறை, ஒரே திசையில் இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.) இந்தியன் இங்க் காய்ந்தபின் கரையாது, நம்பலாம். மார்க்கரையும் பால்பாயின்ட் பேனாவையும் அடியில் கொண்டுவரவே கூடாது. அவற்றின் சாயம் மேலே எத்தனை அடுக்கு போட்டாலும் ஊறி மேலே வரும். இன்று தெரியாது, சில மாதங்கள் கழித்து வெள்ளைப் பரப்பில் ஊதா நிழலாக எட்டிப் பார்க்கும்.

மெழுகு க்ரேயானும் எண்ணெய் பேஸ்டலும் ஆசையைத் தூண்டும் பொருட்கள். மேலே நீர் வண்ணம் பூசினால் அது விலகி ஓடி, கோடு தானே மேலே வந்து நிற்கும். தாளில், நீர் வண்ணத்தில் இது அழகு. பால் க்ளே 1919இலிருந்து பயன்படுத்திய எண்ணெய்ப் படிவு முறையின் உயிரே இந்த விலகல்தான். ஒரு தாளின் ஒரு பக்கம் கறுப்பு எண்ணெய் வண்ணம் தடவி, வெற்றுத் தாளின்மேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் வைத்த வரைபடத்தை ஊசிமுனையால் வருடுவார். கீழே பதியும் கோடு சற்றுப் பிசிறோடு, நடுக்கத்தோடு இருக்கும். கை அழுந்திய இடமெல்லாம் கறுப்புப் புகை படிந்திருக்கும். அதன்மேல் நீர் வண்ணம் பூசினால், எண்ணெய்க் கோடு நீரை ஏற்காமல் தெளிவாக நிற்கும், சுற்றிலும் நிறம் தேங்கும். 1922ஆம் ஆண்டின் ‘கீச்சிடும் இயந்திரம்’ இப்படி உருவானது. இதையே கேன்வாஸில், மெழுகின்மேல் தடித்த அக்ரிலிக்காகச் செய்தால் பூச்சு பிடிமானம் இல்லாமல் பின்னாளில் தோலாக உரிந்து வரும். எனவே மெழுகுக் கோடு கடைசி அடுக்குகளுக்கு உரியது என்று வைத்துக்கொள்வது நல்லது.

இனி நிறம். எந்த நிறம் என்று யோசிக்கும் முன் அது ஒளியை விடுகிறதா, தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். டைட்டானியம் வெள்ளையின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7. அக்ரிலிக் பிசினுக்கும் ஆளிவிதை எண்ணெய்க்கும் ஏறக்குறைய 1.5. இரண்டுக்கும் இடைவெளி இவ்வளவு இருப்பதால் ஒளி சிதறித் திரும்புகிறது, அடியில் உள்ளது மறைகிறது. சுண்ணாம்பின் எண் 1.6ஐ ஒட்டியது. அதனால்தான் உலர்ந்த சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் எண்ணெயில் குழைத்ததும் காணாமல் போகிறது. குயினாக்ரிடோன், தாலோ, ஊடுருவும் இரும்பு ஆக்சைடு ஆகிய நிறமிகள் ஒளியை விடுபவை. காட்மியம், செருலியன், சாதாரண இரும்பு ஆக்சைடு ஆகியவை தடுப்பவை. நிறம் ஒளியை விடுமா என்று காட்ட வண்ணக் குழாயின் மேலிருக்கும் சிறு சதுரக் குறியை நம்புவதைவிட, தாளில் தடித்த கறுப்புக் கோடு போட்டு, ஒவ்வொரு நிறத்தையும் அதன் குறுக்கே இழுத்துப் பார்த்து அட்டை ஒன்று தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிய நேர வேலை, வருடக்கணக்கில் உதவும்.

க்ளேஸுக்கு, அதாவது ஒளி ஊடுருவும் மெல்லிய நிறப் பூச்சுக்கு, ஒரு பங்கு வண்ணத்துக்குப் பத்துப் பங்கு மீடியம் என்று தொடங்கலாம். தாலோ நீலத்துக்கு இருபது பங்குகூடப் போதாமல் போகும், அவ்வளவு வீரியம். மீடியத்துக்குப் பதில் தண்ணீரை மட்டும் ஊற்றினால், உறிஞ்சும் ஜெஸ்ஸோவில் சரியாக உட்காரும். ஆனால் ஏற்கெனவே நாலு அடுக்கு அக்ரிலிக் ஏறிய வழுக்குப் பரப்பில் அது முத்து முத்தாகத் திரண்டு, காய்ந்ததும் ஓரங்களில் கறை வளையம் விடும். இன்னொன்று, ஈரத்தில் அக்ரிலிக் பிசின் பால் போல இருப்பதால் க்ளேஸ் வெளிறித் தெரியும். காயும்போது பிசின் தெளிந்து நிறம் அடர்ந்துவிடும். வேண்டிய அளவைவிட ஒரு படி வெளிறலாகவே பூசிப் பழக வேண்டும்.

மேட் மீடியத்தில் பளபளப்பைக் குறைக்க நுண்ணிய திடத்தூள் சேர்த்திருப்பார்கள். ஒரு பூச்சில் அது மென்மையாகத் தெரியும். ஐந்து பூச்சில் அடியிலிருக்கும் கோடெல்லாம் பனிமூட்டத்துக்குள் போய்விடும், அடர்நிறங்கள் சாம்பல் பூத்துவிடும். உள்ளே உள்ள அடுக்குகள் எல்லாம் பளபளப்பு மீடியத்திலேயே நடக்கட்டும். மேட் வேண்டுமென்றால் கடைசி ஒரு அடுக்கில் மட்டும். பல பேருடைய ஓவியங்களில் நிறம் செத்துப்போவதற்குக் காரணம் நிறக்கலவையில் இல்லை, இந்த ஒரு சங்கதியில்தான் இருக்கிறது.

வெளிர்நிறத்தை அடர்நிறத்தின்மேல் மெல்லியதாகத் தேய்ப்பதற்கும், அடர்நிறத்தை வெளிர்நிறத்தின்மேல் க்ளேஸாக விடுவதற்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானது இல்லை. க்ளேஸில் ஒளி உள்ளே போய் அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பி வருகிறது, நிறம் உள்ளிருந்து எரிகிறது. வெள்ளை கலந்த நிறத்தை உலர்தூரிகையில் கறுப்பின்மேல் தேய்த்தால் அது நீலம் பாய்ந்து குளிர்ந்து தெரியும். கரும்பின்னணியில் புகை நீலமாகத் தெரிகிறதே, அதே காரணம்தான், சிறு துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. நீலமே தொடாமல் நீலச் சாம்பல் வேண்டுமென்றால் இதுதான் வழி. ஒரே பரப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கோடே இல்லாமல் ஒரு விளிம்பு உண்டாகும்.

அடுக்குவது என்றதும் சேர்ப்பது மட்டுமே நினைவுக்கு வருகிறது. எடுப்பதும் அடுக்குவதுதான், என் கணக்கில் அதில் பாதி. ரிச்சர்ட் டீபன்கார்ன் 1967இல் தொடங்கிய ‘ஓஷன் பார்க்’ வரிசையில் நேர்கோடுகள் இடம் மாறிய தடமெல்லாம் மெல்லிய வண்ணத்துக்கடியில் அப்படியே தெரிகிறது. அழித்த கோடும் கணக்கில் வருகிறது. ப்ரைஸ் மார்டன் 1989 முதல் 1991 வரை வரைந்த ‘குளிர்மலை’ ஓவியங்கள் ஒவ்வொன்றும் 9 அடி உயரம், 12 அடி அகலம். நீண்ட குச்சியின் நுனியால் நீர்த்த வண்ணத்தில் கோடு போட்டு, அதைச் சுரண்டி, தேய்த்து, பேய் போன்ற சாயலை மட்டும் விட்டு, அதன்மேல் மீண்டும் கோடு போட்டார். குச்சி நீளமாக இருப்பதால் மணிக்கட்டின் பழகிய சாமர்த்தியம் அங்கே செல்லாது. தோளிலிருந்து வரும் அசைவு மட்டுமே நுனிக்குப் போய்ச் சேரும். வாசுதேவ் கெய்தோண்டேயும் இந்த வழியில் வருபவர். ரோலராலும் பேலட் நைஃபாலும் வண்ணத்தை ஏற்றி இறக்கி அவர் செய்த பரப்புகளில், எங்கே பூச்சு முடிந்து எங்கே சுரண்டல் தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அக்ரிலிக்கில் எடுப்பதற்கு மூன்று நேரங்கள் உண்டு. பூசிய முதல் சில நிமிடங்களில் ஈரத்துணி போதும், எல்லாம் வந்துவிடும். பத்து, பதினைந்து நிமிடங்கள் கழித்து மேல்தோல் கட்டியிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். இப்போது தொட்டால் பிய்ந்து கிழிந்து வரும். பெரும்பாலான விபத்துகள் இங்கேதான். க்ளேஸ் பூசும்போது கீழடுக்கு சுருண்டு கிளம்பினால் அதற்கும் இதுவே காரணம். மூன்றாவது நேரம், முழுதாக இறுகிய பிறகு. மெல்லிய அடுக்குக்கு ஒரு வாரம் விடுங்கள். அதற்குப் பின் 400 அல்லது 600 எண் ஈர உப்புத்தாளால், தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் உராய்வுச் சூட்டில் அக்ரிலிக் இளகித் தாளில் பிசுபிசுவென்று ஒட்டும், தூசும் பறக்கும். காட்மியம் உள்ள பூச்சை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. ஈரத்தேய்ப்பில் மேடுகள் முதலில் தேய்ந்து அடியிலுள்ள நிறம் மேடுகளின் உச்சியில் திறக்கும். இதற்கு நேர்மாறான வேலை, அடர்நிறத்தை நீர்க்கவைத்துப் பூசி உடனே துடைப்பது. நிறம் பள்ளங்களில் மட்டும் தங்கும். மேட்டில் பழைய நிறம், பள்ளத்தில் புதிய நிறம் என்று இரண்டையும் ஒரே பரப்பில் செய்தால், தூரிகையால் போடவே முடியாத ஆயிரம் சிறு கோடுகள் தாமே முளைக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியும் காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்கும். சன்னலைத் திறந்துவைத்து, கையுறையோடு செய்யுங்கள்.

மேலே வரும் கோட்டுக்கு வருவோம். அடுக்குகள் ஏறிய பரப்பில் நீண்ட மெல்லிய கோடு இழுப்பது கைத்திறமையைவிட ஈரத்தின் கணக்கு. ரிக்கர் எனப்படும் நீள்மயிர்த் தூரிகை வேண்டும், மயிர் 3 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வண்ணம் பாலாடைக்கும் பாலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அடியில் மேட் பரப்பு இருந்தால் அது வண்ணத்திலிருக்கும் நீரை உறிஞ்சிக்கொள்ளும், கோடு பாதி வழியில் வறண்டு உடையும். பளபளப்பு மீடியத்தை ஒரு முறை மெல்லியதாகப் பூசிக் காயவைத்த பிறகு அதே கோடு வழுக்கிக்கொண்டு ஓடும். உடைந்த கோடு வேண்டுமென்றால் மேட் பரப்பையே தேர்ந்தெடுங்கள். ஆக்னஸ் மார்ட்டினின் பென்சில் கோடுகள் அருகில் போய்ப் பார்த்தால் துணியின் நெசவில் தட்டித் தட்டி நடுங்குகின்றன. ஆறடிச் சதுரம் முழுவதும் அந்த நடுக்கம் சேர்ந்துதான், தள்ளி நின்று பார்க்கும்போது பனி போன்ற நிறமாகிறது. அங்கே கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவில் எல்லை கிடையாது.

கூர்மையான விளிம்புக்கு மாஸ்கிங் டேப். டேப் ஒட்டி, அதன் ஓரத்தை நகத்தால் அழுத்தி, முதலில் அடியில் இருக்கும் அதே நிறத்தையோ நிறமற்ற மீடியத்தையோ ஓரத்தில் பூசிக் காயவிட வேண்டும். கசிவதானால் அதுவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும், புதிய நிறம் உள்ளே போகாது. பிறகு புதிய நிறம் இரண்டு மெல்லிய பூச்சு. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை அதன்மேலேயே மடித்து, தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுங்கள். அடியிலுள்ள அடுக்கு ஒரு நாளாவது காய்ந்திராவிட்டால் டேப்போடு அதுவும் வந்துவிடும்.

கீறிப் போடும் கோடு இன்னொரு வகை. மேல்நிறம் ஈரமாக இருக்கும்போது தூரிகையின் பின்முனையால் கீறினால் அடிநிறம் கோடாகத் திறக்கும், இருபுறமும் சிறு வரப்பு எழும்பும். பார்க்க மேலே இருப்பதுபோல இருந்தாலும் இது அடியடுக்கின் கோடு. அக்ரிலிக்கில் இதற்குக் கிடைப்பது ஐந்து பத்து நிமிடங்கள்தான். ரிடார்டர் எனும் உலர்வைத் தாமதப்படுத்தும் திரவம் சேர்த்து நேரத்தை நீட்டலாம், ஆனால் 10 சதவீதத்தைத் தாண்டினால் பரப்பு நாட்கணக்கில் பிசுபிசுக்கும். சை ட்வாம்ப்ளி சாம்பல்நிறப் பரப்பில் வெண்ணிற மெழுகு க்ரேயானால் சுழற்றிய ஓவியங்கள், 1966இலிருந்து வரைந்தவை, இந்த இடத்தில் பாடமாக இருக்கின்றன. சில சுழிகள் சாம்பலுக்குள் மூழ்கியிருக்கின்றன, சில மேலே நிற்கின்றன. பரப்பின் ஆழம் முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிகழ்கிறது.

கே. எம். ஆதிமூலம் பல ஆண்டுகள் கறுப்பு மையின் கோட்டிலேயே நின்றுவிட்டுப் பிறகு எண்ணெய் வண்ணப் பரப்புகளுக்குப் போனவர். அந்தப் பரப்புகளில் கோடு தனியாக இல்லை, கத்தியால் இழுத்த வண்ணத்தின் விளிம்புதான் கோடு. இரண்டு நிறங்கள் சந்திக்கும் ஓரத்தை எப்படி முடிக்கிறோம் என்பதே போதுமானது என்பதற்கு அவை நல்ல சான்று.

எண்ணெயில் வேலை செய்பவர்களுக்கு இவையெல்லாம் பொருந்தும், கூடவே வேதியியலும் வந்து சேரும். எண்ணெய் உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து இறுகுகிறது. அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப் போக அதிகமாக இருக்க வேண்டும். முதல் அடுக்கைக் கரைப்பானால் நீர்க்கவிடலாம், நடுவில் குழாயிலிருந்து வந்தபடியே, மேல் அடுக்குகளில் கொஞ்சம் எண்ணெய் சேர்க்கலாம், ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அம்பர் (umber) எனும் மண்பழுப்பு நிறங்கள் இரண்டு மூன்று நாளில் இறுகும், அதிலுள்ள மாங்கனீஸ் வேகப்படுத்துகிறது. ஐவரி கறுப்பு ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கும். கறுப்பை அடியில் தடிமனாகப் போட்டு அதன்மேல் அம்பர் பூசினால், மேலே இறுகிய பிறகும் கீழே அசைந்துகொண்டிருக்கும், பரப்பு முதலைத்தோல் போல வெடிக்கும். துத்தநாக வெள்ளை எண்ணெயில் சில ஆண்டுகளிலேயே நொறுங்கும் தன்மை பெற்று அடுக்குகளைப் பிரித்துவிடும். டைட்டானியம் என்று பெயர் போட்ட பல குழாய்களிலும் அது கலந்திருக்கிறது. குழாயின் பின்புறத்தில் டைட்டானியத்தின் நிறமிக் குறியீடான பி.டபிள்யூ.6 மட்டும் இருக்க வேண்டும், துத்தநாகத்தின் பி.டபிள்யூ.4 இருந்தால் அடுக்கு வேலைக்கு வேண்டாம். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் பூசலாம், எண்ணெயின்மேல் அக்ரிலிக் கூடாது. எண்ணெய் துடைத்த கந்தல் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், அதைக் குவித்துப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி மூடிய உலோகப் பாத்திரத்தில் வையுங்கள்.

நிறமியின் ஆயுளும் அடுக்கைக் குலைக்கும். மார்க் ராத்கோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக வரைந்து 1964இல் மாட்டப்பட்ட சுவரோவியங்களில் லித்தால் சிவப்பு இருந்தது. வெயில்படும் அறை. சிவப்பு கரைந்துபோய்க் கருஞ்சிவப்பு வெளிர்நீலமானது, 1979இல் கழற்றி உள்ளே வைத்தார்கள். 2014இல் காட்சிக்கு வைத்தபோது, இழந்த நிறத்தை வண்ண ஒளியாக மேலே வீசிக் காட்டினார்கள். க்ளேஸில் நிறமி மிகக் குறைவாக இருப்பதால் வெயிலுக்கு முதல் பலி அதுதான். ஒளித்தாங்கும் தரம் ஒன்று என்று குறித்த நிறமிகளை மட்டுமே க்ளேஸுக்கு எடுங்கள்.

கடைசியாக வார்னிஷ். பூசலாமா என்ற முடிவு அடுக்குகளைத் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டியது. மேட் பரப்பில் கிராஃபைட் மினுக்குவதும், சுரண்டிய இடம் பூசிய இடத்தைவிட வறண்டு கிடப்பதும் ஓவியத்தின் பகுதி என்றால், ஒரே சீரான வார்னிஷ் அவற்றை எல்லாம் ஒன்றாக்கிவிடும், மூன்று அடுக்கும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் போய்விடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போலப் பிடித்துப் பாருங்கள். அந்த ஒளியில் தெரியும் மேடு பள்ளமும் மினுக்கமும் இழக்கக் கூடாதவை என்று பட்டால், வார்னிஷ் டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சட்டத்தில் கண்ணாடி போடுங்கள், பரப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 5 மி.மீ. இடைவெளி விட்டு.